கொட்டகையில் பிறந்தவன்

ஜூன் 4

மூத்தவனுக்கு,

நீ அனுப்பிய கம்பெனிப் பத்திரிகை வந்து சேர்ந்தது. பதினான்காம் பக்கத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டி, "அம்மா, முதலில் இதைப் படி" என்று எழுதியிருந்தாய். படித்தேன். அன்று சாயங்காலம் நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பயப்படாதே, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உன் ஒன்பதாம் வகுப்பு நோட்டில் எழுதாத தாள் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இந்தச் சண்டைக்கு அது போதும்.

"வறுமையை வென்ற புதிய ஆலைத் தலைவர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். யாருடைய வறுமை? அப்படி ஒருவர் நம் வீட்டில் குடியிருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு முட்டையை நூல் வைத்து நான்காக அறுத்துச் சாப்பிட்டோம் என்று சொல்லியிருக்கிறாய். உண்மைதான். கத்தியால் அறுத்தால் மஞ்சள் கரு கத்தியில் ஒட்டிக்கொண்டு வீணாகும், அதனால் நூல். ஓட்டைப் பொடித்துத் தக்காளிச் செடிக்குப் போட்டேனே, அதை ஏன் சொல்லவில்லை? கடையில் காய் வாங்க வழியில்லாமல் கொல்லையில் விளைந்ததைத் தின்று வளர்ந்தீர்களாம். அடேயப்பா. தெருவில் பாதி வீடு நம் கத்தரிக்காயைத் தின்றுதான் வளர்ந்தது. அவர்களும் வறுமையை வென்றவர்கள்தானா என்று கேட்டுச் சொல்.

இதையெல்லாம்கூட வாய் தவறிச் சொன்னாய் என்று விட்டுவிடுவேன். அந்தப் படம்! பத்து வயதில் நீ பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். பின்னால் இருப்பது நாம் மண்வெட்டியும் வாளியும் போட்டு வைக்கிற கொட்டகை. அதன் கீழே "இவர் பிறந்து வளர்ந்த வீடு" என்று அச்சடித்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ பூசணிக்காயை வெளியே காட்டிவிட்டு மூன்று அறை வீட்டை மறைத்துவிட்டாய்.

உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான் என்று உனக்கே தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "படத்துல கதவு நல்லா விழுந்திருக்கு" என்றார். அந்தக் கதவு அவர் செய்தது.

பத்திரிகைக்கு எழுதி இதைத் திருத்தச் சொல். திருத்திய பிறகு போன் செய்.

அம்மா


ஜூன் 9

அம்மாவுக்கு,

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் அனுப்பினேன். இந்தக் கம்பெனியில் தண்ணீர் பம்புக்கு மூடி முடுக்குகிற வேலையில் சேர்ந்தவன் அந்த ஆலைக்கே தலைவன் ஆனது இதுதான் முதல் தடவை. அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. கொட்டகையைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது.

சின்ன வயதுப் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். படம் எடுப்பது வீண் செலவு என்று நீதானே சொல்வாய்? கீழே என்ன எழுதினார்கள் என்று அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. இனிமேல் திருத்தவும் முடியாது, அடுத்த இதழ் வர மூன்று மாதம் ஆகும். இங்கே யாரும் அதைக் கேவலமாக நினைக்கவில்லை, அம்மா. நேர்மாறாக, காவலாளியிலிருந்து முதலாளி வரை வந்து கை கொடுக்கிறார்கள். கேன்டீனில் ஒரு அம்மா அழுதே விட்டார்.

முக்கியமான விஷயம் இது. ஜூலை 12 கம்பெனியின் ஆண்டு விழா. நான் பேசுகிறேன். தொழிலாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். உன்னையும் அப்பாவையும் முன்வரிசையில் உட்கார வைத்து, கடைசியில் மேடைக்கு அழைத்து மரியாதை செய்ய வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. "அந்த முட்டைக் கதையைக் கட்டாயம் சொல்லுங்க" என்றார். கார் அனுப்புகிறேன். தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்தால் அவளும் வரட்டும்.

கோபத்தை விட்டுவிட்டு வா.

உன் மகன்


ஜூன் 13

மூத்தவனுக்கு,

நீ தலைவன் ஆனதற்கு எழுதவில்லை என்று குறை. எழுதுவானேன்? நீ ஆவாய் என்று எனக்கு உன் பத்து வயதிலேயே தெரியும். கிணற்றடியில் ஓடாமல் கிடந்த பம்பைப் பிரித்துப்போட்டு, ஒரு திருகாணிகூட மிச்சம் இல்லாமல் திரும்பப் பூட்டிய பிள்ளை நீ. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உன்னிடம் சொல்லத்தான் விட்டுப்போயிற்று.

விழாவுக்கு வர மாட்டேன். மேடையில் ஏறி நின்று ஏழையாக நடிக்க எனக்கு வராது. அழுகிற அம்மாக்களுக்குக் காட்ட வேறு யாரையாவது பிடித்துக்கொள்.

ஏழை யார் என்று உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. மூலை வீட்டுத் தையல்காரர் குடும்பத்தை நினைத்துப் பார். அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள் உண்டு. அவர் சம்சாரம் நம் கொல்லைக்கு வந்து கீரை பறிக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நானும் அவள் பறித்து முடிக்கிற வரை பின்பக்கம் வர மாட்டேன். வறுமை என்பது அவர்கள் பட்டது. அந்த வார்த்தையையாவது அவர்களுக்கு விட்டுவை. அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு மாலை வாங்காதே.

நம் வீட்டில் நடந்தது வேறு. உன் அப்பாவின் கடைசல் பட்டறைச் சம்பளம் தெருவில் யாருடைய சம்பளத்துக்கும் குறைந்ததில்லை. அதை எப்படி நீட்டுவது என்பது என் வேலை. ஒரு சட்டைக்கு நான் ஐந்து ஜென்மம் கொடுப்பேன். காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைப்பேன், புதுச் சட்டை. அதற்கும் ஆயுசு முடிந்தால் வெட்டி உனக்கு. பிறகு தலையணை உறை. பிறகு தக்காளிக் கொடியைக் குச்சியோடு கட்டுகிற நாடா, அது இழுத்தாலும் தண்டை அறுக்காது. கடைசியில் எருக்குழி. பட்டறையில் உன் அப்பா இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்தபோது அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். நானும் மயிரிழை பிசகாமல்தான் வீடு நடத்தினேன். எனக்கு யாரும் பட்டம் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. பெற்ற பிள்ளை அதற்கு வறுமை என்று பெயர் வைப்பான் என்று மட்டும் நினைக்கவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஏழையாக இருந்தால், ஜெயித்தது நீ ஒருவன்தான். நாம் ஏழை இல்லை என்றால், ஜெயித்தது வீடு. அதுதான் உனக்குக் கசக்கிறது.

அம்மா


ஜூன் 18

அம்மாவுக்கு,

வீடு ஜெயித்தது என்கிறாய். இருக்கட்டும். அந்த ஜெயத்துக்காக யார் தோற்றார்கள் என்று எப்போதாவது யோசித்தாயா?

சட்டைக்கு ஐந்து ஜென்மம் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இரண்டாவது ஜென்மத்தில் அதற்குள் இருந்தவன் நான். நீ எவ்வளவு வெட்டினாலும் பையை மட்டும் மேலே ஏற்ற மாட்டாய், பிரித்தால் துணியில் தழும்பு விழும் என்று. அதனால் பை எனக்கு வயிற்றில் தொங்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? "அப்பா சட்டை." ஐந்து வருடம் அதுதான் பெயர். வாத்தியார் ஒருவர்கூட ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எட்டாம் வகுப்பில் கடல் பார்க்க எல்லோரையும் அழைத்துப் போனார்கள். உன்னிடம் பணம் கேட்டேன். நீ பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாய். நிமிரக்கூட இல்லை. "கடல் எங்கயும் ஓடிடாதுடா" என்றாய். தெருவில் இரண்டு பேரிடம் அதைச் சொல்லிச் சிரித்தாய். நான் வாத்தியாரிடம் காய்ச்சல் என்று சொன்னேன். தையல்காரர் பையன் போனான், அம்மா. நீ சொன்ன அதே தையல்காரர். வரும்போது எனக்கு ஒரு சிப்பி கொண்டுவந்து கொடுத்தான்.

நம்மிடம் இல்லை என்று நினைத்துத்தான் நான் அன்று வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருடம் அப்படி நினைத்தே மனதை ஆற்றிக்கொண்டேன். இப்போது நீயே எழுதுகிறாய், நாம் ஏழை இல்லை என்று. இருந்தும் கொடுக்கவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் "நம் வீடு, நம் வீடு" என்கிறாய். அப்பாவைக் கேட்டாயா? திருப்பித் தைத்த காலரைப் போட்டுக்கொண்டு நாற்பது வருடம் பட்டறைக்குப் போனவர் அவர். அவர் வாயால் ஒரு தடவையாவது நன்றாக இருந்தோம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாயா?

வர இஷ்டமில்லை என்றால் வர வேண்டாம்.

மூத்தவன்


ஜூன் 27

மூத்தவனுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. மூன்று தடவை ஆரம்பித்தேன். தாள் வீணானதுதான் மிச்சம். பரவாயில்லை, பின்பக்கம் இன்னும் இருக்கிறது.

சின்னவள் டியூட்டி முடிந்து வந்தாள். உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவளாவது எனக்காக இரண்டு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். "அண்ணன் சொல்றது நடந்ததுதாம்மா. நீ சொல்றதும் நடந்ததுதான்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து இரண்டு பக்கமும் ஊசி போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கடல் விஷயம். நீ கேட்டது எனக்கு நினைவில் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. நினைவிருக்கிறது. அன்று நம்மிடம் இருந்தது. கொடுத்திருக்கலாம், கொடுத்திருந்தால் ஒரு வேளைச் சோறுகூடக் குறைந்திருக்காது. எதையும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. கத்தரிக்கோல் நன்றாக வெட்டினால் கை சும்மா இருக்காது, வெட்ட வேண்டாத துணியையும் வெட்டும். நீ மறுபடி கேட்கவில்லையே என்று அன்றைக்கு எனக்குப் பெருமைகூட. என் பிள்ளைக்குத்தான் எவ்வளவு பக்குவம் என்று. நீ உள்ளுக்குள் அழுததை நான் பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன்.

அது தப்பு. என் தப்பு. வறுமையின் தப்பு இல்லை. மேடையில் என்னைத் திட்ட வேண்டுமானால் அதைச் சொல்லித் திட்டு, நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இல்லாதவள் என்று சொல்லி என்னைக் காப்பாற்றாதே. இருந்தும் கொடுக்காதவள் என்று சொன்னால் தலை குனிவேன். இல்லாதவள் என்று சொன்னால் நான் இருந்த இடமே தெரியாமல் போய்விடும்.

உன் அப்பாவைக் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. இந்த வாரம் இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றேன். அவர் பூசணிக் கொடியைப் பந்தலில் ஏற்றிக்கொண்டிருந்தார். "என்ன?" என்றார். குச்சியைப் பிடிக்க வந்தேன் என்று சொல்லிக் குச்சியைப் பிடித்தேன். பயமாக இருக்கிறதடா. உன்னை மாதிரி அவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்? இந்த வயதில் அதைக் கேட்டு நான் என்ன செய்வேன்?

அம்மா


ஜூலை 2

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துப் படித்தேன். கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை படித்தேன். நீ தப்பு என்று சொல்லி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. இனி கடலைப் பற்றி நான் பேச மாட்டேன்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். படத்துக்குக் கீழே எழுதியதைக் கவனிக்கவில்லை என்றேனே, அது பொய். அச்சுக்குப் போகும் முன் காட்டினார்கள். பார்த்தேன். ஒரு நிமிடம் யோசித்தேன். "சரி, போடுங்க" என்றேன்.

அந்தப் பத்திரிகைப் பெண் என் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். படிப்பைப் பற்றி, வேலையைப் பற்றிச் சொன்னபோது அவள் பேனா நின்று நின்று ஓடியது. முட்டையைச் சொன்னதும் நிற்காமல் ஓடியது. அது நின்றுவிடக் கூடாதே என்று அடுத்ததைச் சொன்னேன், பிறகு அதற்கும் அடுத்தது. நான் முப்பது வருடம் பாடுபட்டது அவளுக்குச் சுவாரசியமாக இல்லை, நான் பட்டினி கிடந்தேன் என்றால்தான் சுவாரசியம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ எழுதினாயே, எனக்குக் கசக்கிறது என்று. கசந்ததுதான். எல்லாம் என் கையால் ஆனது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது.

12ஆம் தேதி பேசப்போவதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முட்டை இல்லை. முதலாளி நேற்றும் ஞாபகப்படுத்தினார். "நாலு பேர் கண்ணு கலங்கினாத்தான் சார் விழா மாதிரி இருக்கும்" என்றார். இதைக் கேட்டால் யார் கண்ணும் கலங்காது என்று நினைக்கிறேன். புது நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே அவர் முகம் சுளிக்கப் போகிறது. பயமாகத்தான் இருக்கிறது. நீ இருந்தால் பேசிவிடுவேன்.

மூத்தவன்


ஜூலை 6

மூத்தவனுக்கு,

வருகிறோம். கார் வேண்டாம், பஸ் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. சின்னவளுக்கு லீவு இல்லை.

நீ எழுதிய பேச்சில் என்னைத் "தியாகி" என்று போட்டிருந்தாய். அடித்துவிட்டேன். "தெய்வம்" என்று ஒரு இடத்தில் இருந்தது, அதையும் அடித்துவிட்டேன். "கெட்டிக்காரி" என்பதை மட்டும் விட்டிருக்கிறேன். கடலைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லி நீ எழுதாமல் விட்ட பாராவை நானே எழுதிச் சேர்த்து, பேச்சை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் தம்பட்டம் அடித்துக்கொண்டது போல் இருக்கும்.

முதலாளிக்குப் பயப்படாதே. முகம் சுளித்தால் அவர் முகம்தானே.

அம்மா


ஜூலை 15

மூத்தவனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீ மேடையில் இருந்தாய், கூட்டம் முழுக்க உன் கண்ணில் பட்டிருக்கும், ஆனால் முன்வரிசையில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் முதலாளியின் சம்சாரம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷிதான். நீ ஆரம்பிப்பதற்கு முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்திரிகையைப் படித்ததாகவும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றும் சொன்னார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

நீ எழுந்தாய். "பேப்பர்ல போட்ட வீடு எங்க வீடு இல்லைங்க. அது நாங்க மண்வெட்டி போட்டு வைக்கிற கொட்டகை" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். "நாங்க ஏழையா இருந்ததே இல்லை. நான் பொய் சொல்லிட்டேன்" என்றதும் சிரிப்பு சட்டென்று நின்றது. பின்னால் யாரோ இருமினார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீ நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாய். எனக்கு இருந்த பெருமையை எப்படி எழுதுவது? நீ தலைவன் ஆனபோது வந்ததைவிட இது பெரிது. அன்று நான் எதிர்பார்த்திருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை. கைதட்டல் குறைச்சல்தான். போகட்டும், நாம் எப்போது அதிகம் செலவழித்தோம், யாரைத்தான் செலவழிக்கச் சொன்னோம்?

அந்த அம்மா என் கையை விட்டுவிட்டார். பாவம், அவருக்குக் குழப்பம். என்னைத் தாண்டி உன் அப்பா பக்கம் சாய்ந்தார். "அப்போ உண்மையிலேயே கஷ்டம் இல்லையாங்க?" என்று கேட்டார்.

நான் நாற்பது வருடமாகக் கேட்காத கேள்வியை ஒரு அந்நியப் பெண் கேட்டுவிட்டார். மேடையைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா வழக்கம்போல் பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

"இருந்துதுங்க" என்றார். என் உயிர் போய்விட்டது.

பிறகு காலரை ஒரு தடவை தடவிக்கொண்டார். "சட்டை எல்லாம் பழசுதாங்க. ஆனா பட்டறையில எல்லாரும் மேஸ்திரிக்குப் பயப்படுவாங்க, முதலாளிக்குப் பயப்படுவாங்க. நான் ஒரு நாளும் பயந்ததில்லைங்க. வேலையை விட்டுப் போடான்னா வந்துடலாம், வீடு நிக்கும்னு தெரியும். என்னைப் பயப்படுற மாதிரி இவ ஒரு நாளும் வைக்கலைங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த மனிதர் திரும்பி மறுபடி உன் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் வாய் திறந்து கேட்காததை அவர் பாட்டுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணைத் துடைக்கத் துணிகூடக் கைக்கு வரவில்லை எனக்கு. முதலாளியிடம் சொல், நாலு பேர் இல்லாவிட்டாலும் ஒருத்தி கண் கலங்கினாள் என்று.

அதனால் ஒரு உதவி. கடல் விஷயத்துக்குப் பிறகு நீ மேடையில் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. அதை அப்படியே எழுதி அனுப்பு.

அம்மா